அத்தியாயம் 6: பிழைக்குப் பெயர் வைத்தல்

டிரைவரிலிருந்து மைனஸ் 5 திரும்பி வருகிறது. லினக்ஸில் 5 என்பது ஈஐஓ. படிப்பதிலோ எழுதுவதிலோ ஏதோ தவறு என்று பொருள். அதைக் கையில் வாங்கும் ஃபைல் சிஸ்டத்துக்கு வழிகள் பல. மறுபடி கேட்டுப் பார்க்கலாம். டிஸ்குக்கு இரண்டாவது பாதை இருந்தால் அதில் அனுப்பலாம். ரெய்டு இருந்தால் பக்கத்து டிஸ்கிலிருந்து எடுக்கலாம். பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம். இவற்றில் எதைச் செய்வது என்று 5 சொல்லாது.

என்ன நடந்தது என்று டிரைவருக்குத் தெரிந்திருந்தது. சாட்டா டிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிழை ரெஜிஸ்டரில் 7ஆம் பிட் ஐசிஆர்சி: கம்பி வழியே வரும்போது தரவு சிதைந்தது. 6ஆம் பிட் யூஎன்சி: வட்டின் பரப்பிலிருந்து திருத்த முடியாத அளவுக்குத் தரவு கெட்டுவிட்டது. முதலாவது வந்தால் கேபிளை மாற்ற வேண்டும், இரண்டாவது வந்தால் டிஸ்கையே மாற்ற வேண்டியிருக்கும். டிரைவர் இரண்டு பிட்டையும் படித்தது, இரண்டுக்கும் ஈஐஓ என்று எழுதி அனுப்பியது. மேலே இருக்கும் எவராலும் அந்தத் தகவலை மீட்டெடுக்க முடியாது.

ரிட்டர்ன் வரியில் நிற்கும் அந்த ஒரு பெயரைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். நான் பின்பற்றும் வழி எளியது. எத்தனை பெயர்கள் வேண்டும் என்பதை, மேலே இருப்பவர் எத்தனை விதமாக நடந்துகொள்ள முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு பெயரிலும் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதை, கீழே டிரைவர் கண்ணால் என்ன கண்டது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் கெர்னலிலேயே போதுமான சான்றுகள் கிடக்கின்றன.

எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. குறிமுறையில் இந்த மாறிலிகள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும். இங்கே அவற்றை வாய்விட்டுப் படித்தால் ஒலிக்கும்படி தந்திருக்கிறேன். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடே இருக்கும். வாய்விட்டுப் படிப்பது இந்த வேலைக்கு வேறு வகையிலும் உதவும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடன் வாங்கிய பெயர்கள்

யூனிக்ஸ் மரபில் வந்த எர்னோ பட்டியல் டிஸ்குக்காக எழுதப்பட்டதல்ல. டெர்மினல், பைப், நெட்வொர்க் எல்லாம் கலந்த பொதுப் பட்டியல் அது. தெரியாத ஐஆக்டில் கட்டளை வந்தால் டிஸ்க் டிரைவர்கூட இன்றைக்கும் ஈநோட்டீடீஒய், அதாவது 'இது டெலிடைப் அல்ல' என்றுதான் பதில் தருகிறது. டிஸ்க் எந்தக் காலத்திலும் தன்னை டெலிடைப் என்று சொல்லிக்கொண்டதில்லை.

லினக்ஸின் பிளாக் அடுக்குக்கு ஒரு கட்டத்தில் ஈஐஓ போதவில்லை. ஒரே டிஸ்குக்குப் பல பாதைகள் வைக்கும் மல்டிபாத் வந்தது. பாதை கெட்டதா, டிஸ்க் கெட்டதா என்று பிரித்துச் சொன்னால்தான் அது வேலை செய்யும். புதுப் பட்டியல் உருவாக்குவதற்குப் பதில், எர்னோவில் யாரும் அதிகம் தொடாமல் கிடந்த எண்களை எடுத்து அர்த்தம் ஏற்றினார்கள். பாதை அறுந்தால் ஈநோலிங்க். டிஸ்கே மறுத்தால் ஈரிமோட்ஐஓ. இன்னொரு கணினி அந்த டிஸ்கைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால் ஈபேட்ஈ. எர்னோ விளக்கத்தில் அதற்குச் 'செல்லாத பரிமாற்றம்' என்று பொருள். தரவுடன் வரும் சரிபார்ப்புக் குறி ஒத்துப்போகாவிட்டால் ஈஇல்சீக், அதாவது 'முறையற்ற பைட் வரிசை'. அந்த எண் எழுத்துக் குறியாக்கத்துக்காக வந்தது. பரப்பு கெட்ட செக்டருக்கு ஈநோடேட்டா, 'தரவு எதுவும் இல்லை'.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கெட்ட செக்டரில் தரவு இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. 'தரவு இல்லை' என்பது வேறு செய்தி. இந்தச் சிறிய பொய் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் கோப்புகளுக்குக் கூடுதல் பண்புகள் வைக்கும் வசதி உண்டு. கேட்ட பண்பு அந்தக் கோப்பில் இல்லை என்றால் அந்தப் பகுதி ஈநோடேட்டா தரும். அங்கே அந்தப் பெயர் மிகப் பொருத்தமானது. பண்புகளை வைத்திருக்கும் பிளாக்கே டிஸ்கில் கெட்டுப்போனால்? கீழிருந்தும் ஈநோடேட்டா வரும். மேலே உள்ள குறிமுறை அதைப் 'பண்பு இல்லை' என்று புரிந்துகொள்ளும். கெட்டுப்போன டிஸ்க், பயனருக்கு வெறும் விடுபட்ட பண்பாகத் தெரியும். மோசமான தருணத்தில் கெர்னலே விழவும் வாய்ப்பு இருந்தது. 2025இல்தான் இதற்குத் திருத்தம் வந்தது. டிஸ்கிலிருந்து வரும் ஈநோடேட்டாவை அந்த வாசலில் பிடித்து ஈஐஓவாக மாற்றிவிட்டார்கள். அதாவது பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக எடுத்த பெயரை, குழப்பம் தாங்காமல், பிரிக்காத பழைய பெயராகவே திருப்பினார்கள்.

டிஸ்க் பக்கம் எழுதியவரும் தவறு செய்யவில்லை, பண்புப் பகுதி எழுதியவரும் தவறு செய்யவில்லை. இரண்டு அடுக்குகள் ஒரே பெயரைத் தனித்தனி அர்த்தத்தில் வைத்துக்கொண்டு ஒரே எண்ணைப் பரிமாறிக்கொண்டன. இடையில் மொழிபெயர்ப்பவர் இல்லை.

சொந்தப் பட்டியல்

பிளாக் அடுக்கு 2017இல், 4.13 கெர்னலில், தனக்கென்று பிளாக்_ஸ்டேட்டஸ்_டி என்ற வகையை உருவாக்கிக்கொண்டது. எர்னோவுக்குப் பதில் பிஎல்கே_எஸ்டிஎஸ் என்று தொடங்கும் பெயர்கள் வந்தன: பிஎல்கே_எஸ்டிஎஸ்_டைம்அவுட், பிஎல்கே_எஸ்டிஎஸ்_டிரான்ஸ்போர்ட், பிஎல்கே_எஸ்டிஎஸ்_டார்கெட், பிஎல்கே_எஸ்டிஎஸ்_மீடியம், பிஎல்கே_எஸ்டிஎஸ்_புரொடெக்ஷன். கேட்டவுடன் தெரிகிறது: நேரம் கடந்தது, பாதை, டிஸ்க், பரப்பு, சரிபார்ப்பு. பழைய ஈநோலிங்க், ஈபேட்ஈ எல்லாம் மறைந்துவிடவில்லை. பிளாக் அடுக்கின் எல்லையில் ஒரே ஓர் அட்டவணை இருக்கிறது. உள்ளே இருக்கும் பெயரை வெளியே போகும் எர்னோவாக அது மாற்றுகிறது. டிரைவர் எழுதுபவர் அந்த அட்டவணையைத் தொட வேண்டியதில்லை.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த வகை வெறும் 8 பிட் எண்தான் என்றாலும் அதைச் சாதாரண எண்ணோடு கலக்க முடியாதபடி குறித்து வைத்திருக்கிறார்கள். ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால், பிளாக்_ஸ்டேட்டஸ்_டி தர வேண்டிய ஃபங்ஷனில் யாராவது மைனஸ் ஈஐஓ எழுதியிருந்தால் காட்டிக்கொடுக்கும். பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தவறான இடத்தில் நுழைவதை அது தடுக்காது, வகைதான் தடுக்கும். இரண்டாவது, மொழிபெயர்ப்பு ஓரிடத்தில் மட்டும் நடக்கிறது. உங்கள் டிரைவர் சின்னதாக இருந்தாலும் இப்படியே செய்யுங்கள். உள்ளே உங்கள் பெயர்கள் மட்டும். வெளியே போகும் வாசலில் ஒரு ஃபங்ஷன், அதற்குள் ஒரு ஸ்விட்ச், ஒரு பெயருக்கு ஒரு வரி. பத்து இடத்தில் 'இது வந்தால் ஈபிஸி, அது வந்தால் ஈஐஓ' என்று எழுதினால், பதினோராவது இடத்தில் ஒருவர் மாற்றி எழுதுவார்.

பெயரில் வராத வாக்குறுதி

இந்தப் பட்டியலிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிஎல்கே_எஸ்டிஎஸ்_ரிசோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 2018இல் அதன் பக்கத்தில் பிஎல்கே_எஸ்டிஎஸ்_டெவ்_ரிசோர்ஸ் என்று இன்னொன்று வந்தது. பெயரை மட்டும் படிப்பவருக்கு, முதலாவது பொதுவான வளத் தட்டுப்பாடு, இரண்டாவது சாதனத்தின் வளத் தட்டுப்பாடு என்று தோன்றும். அது பாதிதான் உண்மை.

உண்மையான வித்தியாசம் இது. டிரைவர் டெவ்_ரிசோர்ஸ் என்று பதில் சொன்னால் ஒரு வாக்குறுதியும் சேர்த்துத் தருகிறது: 'சாதனத்தில் இடம் விடுபட்டதும் இந்த வரிசையைத் திரும்ப ஓட்டுவதற்கு என்னிடம் வழி இருக்கிறது'. சாதனத்திடம் ஏற்கெனவே சில கோரிக்கைகள் போயிருக்கின்றன. அவற்றில் ஒன்று முடிந்ததும் வரிசை தானாக நகரும். ஆகவே பிளாக் அடுக்கு சும்மா காத்திருக்கும். வெறும் ரிசோர்ஸ் என்றால் அந்த உத்தரவாதம் இல்லை. நினைவகம் கிடைக்கவில்லை, டிஎம்ஏ மேப்பிங் தோற்றது என்பது போன்ற நேரங்களில் யார் வந்து வரிசையை எழுப்புவார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. அதனால் பிளாக் அடுக்கே 3 மில்லிவினாடி கழித்து மறுபடி முயன்று பார்க்கும்.

புதிதாக டிரைவர் எழுதும் ஒருவர் கட்டளை வைக்கும் இடையகம் நிரம்பியதைப் பார்க்கிறார். 'சாதனத்தின் வளம்தானே' என்று டெவ்_ரிசோர்ஸ் போடுகிறார். சாதனத்திடம் அப்போது நிலுவையில் ஒரு கோரிக்கைகூட இல்லை என்று வையுங்கள். எழுப்ப ஆளில்லை. வரிசை அப்படியே நிற்கும். பிழைச் செய்தி இல்லை, லாகில் ஒரு வரியும் இல்லை; டிஸ்க் உறைந்துபோனது போல் இருக்கும். பெயரில் சாதனம் என்ற சொல் இருக்கிறது, வாக்குறுதி இல்லை. அது ஹெடர் கோப்பில் மாறிலியின் தலைமேல் இருக்கும் நீண்ட குறிப்பில்தான் இருக்கிறது. குறிப்பு தெளிவானது, நன்றாகவே எழுதப்பட்டது. ஆனால் ரிட்டர்ன் வரியை ரிவ்யூ செய்பவர் ஹெடரைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது அதிகம். நான் வைத்திருந்தால் வில்_ரீரன் என்பது போன்ற ஒரு சொல்லை அதில் நுழைத்திருப்பேன். பெயர் நீளும், நீளட்டும். பெயரைப் படித்து ஒருவர் எடுக்கும் முடிவு குறிப்பைப் படித்து எடுக்கும் முடிவிலிருந்து மாறுபட்டால், அந்தப் பெயரில் ஒரு சொல் குறைகிறது என்று கொள்ளலாம்.

யார் வீட்டுப் பெயர்

ஊரில் நாலு முருகேசன் இருந்தால் கடைக்கார முருகேசன், வாத்தியார் முருகேசன் என்று முன்னால் ஒன்று சேர்த்துத்தான் கூப்பிடுவோம். ஸ்டோரேஜ் குறிமுறையில் 'பிஸி' என்ற பெயருக்கு அதே நிலை. ஸ்கஸியின் பிஸி, என்விஎம்இ கன்ட்ரோலரின் பிஸி, உங்கள் டிரைவரின் பிஸி, கெர்னலின் ஈபிஸி. முன்னொட்டு இல்லாமல் பிஸி என்று ஒரு மாறிலி வைப்பவர் அடுத்தவரின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறார்.

ஸ்கஸியில் இது ஒருகாலத்தில் உண்மையாகவே நடந்தது. ஸ்கஸி தரநிலையில் செக் கண்டிஷன் நிலையின் எண் ஹெக்ஸ் 02, பிஸியின் எண் 08. பழைய லினக்ஸ் ஹெடரில் இதே நிலைகளை ஒரு பிட் வலப்புறம் நகர்த்தி வைத்திருந்தார்கள். செக்_கண்டிஷன் 01 ஆனது, பிஸி 04 ஆனது. நகர்த்திய பட்டியலில் 02க்கு என்ன பெயர் தெரியுமா? கண்டிஷன்_குட். தரநிலையில் 'பிழை இருக்கிறது, என்னவென்று கேள்' என்று சொல்லும் அதே எண், பக்கத்துப் பட்டியலில் 'நிபந்தனை நிறைவேறியது' என்றது. தரநிலையில் பிஸியான 08, பழைய பட்டியலில் இன்டர்மீடியட்_குட். பின்னர் எஸ்ஏஎம்_ஸ்டாட் என்ற முன்னொட்டோடு தரநிலையின் எண்கள் வந்தன. பழையவற்றின் மேல் 'இவை வழக்கொழிந்தவை, தரநிலை எண்களிலிருந்து நகர்ந்தவை, பல இயங்குதளங்களுக்கு மாற்றி எழுதப்படும் நிரல்களில் குழப்பம் தருகின்றன' என்ற எச்சரிக்கை பல ஆண்டுகள் தொங்கியது. 2021இல்தான் பழையவை நீக்கப்பட்டன.

எஸ்ஏஎம் என்பது ஸ்கஸியின் கட்டமைப்பு ஆவணத்தின் பெயர்ச் சுருக்கம். அந்த முன்னொட்டு ஒரு காரியம் செய்கிறது: 'இந்த எண் எங்களுடையதல்ல, அந்த ஆவணத்தில் உள்ளது, சந்தேகம் வந்தால் அங்கே போய்ப் பார்' என்கிறது. உங்கள் டிரைவரிலும் ஹார்டுவேர் கையேட்டிலிருந்து வரும் எண்களுக்கு ஒரு முன்னொட்டு, நீங்களே உருவாக்கிய எண்களுக்கு வேறொன்று என்று கண்டிப்பாகப் பிரியுங்கள். கையேட்டின் பெயர் அசிங்கமாக இருந்தாலும் மாற்றாதீர்கள். கையேட்டில் தேடுபவர் அதே சொல்லைத்தான் தேடுவார்.

முன்னொட்டு பொய் சொல்லவும் கூடும். என்விஎம்இயில் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் ஒரு நிலைப்புலம் வரும். அதில் பிழையின் வகை, பிழையின் குறி, அவற்றோடு 'மறுபடி முயலாதே' என்ற தனி பிட் ஒன்று. லினக்ஸில் பிழைக்குறிகளுக்கெல்லாம் என்விஎம்இ_எஸ்சி என்று முன்னொட்டு. எஸ்சி என்றால் நிலைக்குறி. அந்தத் தனி பிட்டுக்கும் என்விஎம்இ_எஸ்சி_டிஎன்ஆர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அது நிலைக்குறி அல்ல, நிலைக்குறியோடு ஒட்டி வரும் கொடி. எஸ்சி என்று பார்த்துவிட்டு ஸ்விட்சில் அதையும் ஒரு கேஸாக எழுதத் தோன்றும். கொடி பிட் ஏறியிருக்கும்போது நேரடிச் சமன்பாட்டுச் சோதனை எதுவும் பொருந்தாது என்பதும் மறந்துபோகும். முதலில் ஹெக்ஸ் 7எஃப்எஃப் கொண்டு மறைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். 2024இல் அதை என்விஎம்இ_ஸ்டேட்டஸ்_டிஎன்ஆர் என்று மாற்றினார்கள். மாறியது முன்னொட்டு மட்டும். அந்த மாற்றத்தைச் சிலர் அலங்காரம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விண்டோஸ் பக்கம் எஸ்ஆர்பி_ஸ்டேட்டஸ் என்ற குடும்பம் உண்டு. அங்கும் கீழ் 6 பிட் நிலை, மேல் 2 பிட் கொடிகள். ஒப்பிடும் முன் கொடியை உதிர்க்க ஒரு மேக்ரோ வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் 0 என்பது எஸ்ஆர்பி_ஸ்டேட்டஸ்_பெண்டிங், 1 என்பதுதான் எஸ்ஆர்பி_ஸ்டேட்டஸ்_சக்சஸ். லினக்ஸ் பழக்கத்தில் 'பூஜ்யம் என்றால் எல்லாம் நலம்' என்று எழுதுபவர் அங்கே போனால், இன்னும் முடியாத கோரிக்கையை முடிந்ததாகக் கருதிவிடுவார். வெற்றிக்கும் பெயர் வையுங்கள். வெறும் 0 என்று எழுதாமல் அந்தப் பெயரோடு ஒப்பிடுங்கள்.

போனில் சொல்லிப் பாருங்கள்

டேட்டா சென்டரில் நிற்பவர் ஒருவர், அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் ஒருவர். லாகில் இருப்பதை முதலாமவர் போனில் படிக்கிறார். பெயர் இந்தப் பயணத்தைத் தாங்க வேண்டும்.

எர்னோ குடும்பத்தில் இதில் தோற்பவை ஈநாட்சப் என்று ஒலிக்கும் இரண்டு. ஒன்றுக்குக் கடைசியில் ஒரு 'பி', மற்றதற்கு இரண்டு. ஒற்றை 'பி' உள்ளது போசிக்ஸ் தரநிலையில் இருப்பது; லினக்ஸில் அதன் எண் 95. இரட்டை 'பி' உள்ளது கெர்னலின் உள்பட்டியலில் 524. என்எஃப்எஸ் நெறிமுறைக்காக வந்தது. அது பயனர் நிரல் வரை போகக் கூடாது. போனால் 'அறியாத பிழை 524' என்று திரையில் வரும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் டிரைவர் எழுதுபவர்கள் தொடர்ந்து தவறானதைப் போட்டுவந்தார்கள். கெர்னலின் செக்பேட்ச் கருவி இன்று இதற்கென்றே எச்சரிக்கை தருகிறது: இரட்டை 'பி' வேண்டாம், ஈஓப்நாட்சப் போடுங்கள் என்று. பெயரைப் பாதுகாக்க ஒரு கருவியே வேண்டியிருக்கிறது.

ஆகவே ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு பெயர் வைக்காதீர்கள். ஃபெயில், ஃபெயில்2 என்று எண்ணிட்டு வைக்காதீர்கள். 2 என்ன என்று வைத்தவருக்கே மூன்று மாதத்தில் மறந்துபோகும். இன்னொன்று, சி மொழி தொடர்பானது. பெரிய எழுத்து ஈயில் தொடங்கி அடுத்து எண்ணோ பெரிய எழுத்தோ வரும் மேக்ரோ பெயர்கள் எர்னோ ஹெடருக்காக ஒதுக்கப்பட்டவை. ஈஆர்ஆர்_ என்று தொடங்கும் உங்கள் மேக்ரோக்களும் அந்த எல்லைக்குள் வருகின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் டிரைவரின் பெயரில் தொடங்கினால் இந்தக் கவலையே இல்லை.

ஒரு சிறு டிரைவரைத் திருத்துவோம்

நாண்ட் ஃபிளாஷ் சிப்புக்கு ஒரு டிரைவர் என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் மாறிலிகள் நான்கு: டைம்அவுட், ஃபெயில், பேட், அன்நோன். எஃப்டி என்பது நம் டிரைவரின் முன்னொட்டு.

ஃபெயிலில் தொடங்கலாம். சிப்பின் நிலை ரெஜிஸ்டரில் 0ஆம் பிட் ஏறியிருந்தால் கடைசிச் செயல் தோற்றது என்று பொருள். எழுதும்போதும் அழிக்கும்போதும் அதே பிட்தான். ஹார்டுவேரைப் பொறுத்தவரை ஒரே பிழை. ஆனால் மேலே இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றல்ல. எழுதும்போது தோற்றால், அந்த பிளாக்கில் ஏற்கெனவே உள்ள நல்ல பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு அதைக் கெட்டது என்று குறிக்க வேண்டும். அழிக்கும்போது தோற்றால் காப்பாற்ற வேண்டிய தரவு அங்கே இல்லை, நேரே குறித்துவிடலாம். எனவே எஃப்டி_புரோகிராம்_ஃபெயில்ட், எஃப்டி_எரேஸ்_ஃபெயில்ட் என்று இரண்டு பெயர்கள்.

பேட் இதற்கு நேர் எதிர். குறிமுறையில் தேடினால் அது இரண்டு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் பிளாக் கெட்டது. இன்னோரிடத்தில் அழைத்தவர் கொடுத்த முகவரி சிப்பின் அளவைத் தாண்டியது. இரண்டாவது, நிரலாளரின் தவறு. அதற்கு ஈஇன்வால் என்ற பொதுப்பெயர் எல்லோருக்கும் தெரியும்; புதுப்பெயர் தேவையில்லை. முதலாவதுக்கு எஃப்டி_பேட்_பிளாக். நாண்ட் உலகில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. தொழிற்சாலையிலேயே கெட்டதாகக் குறிக்கப்பட்டதா, பயன்பாட்டில் கெட்டதா என்று பிரிக்கலாமே என்று ஆசை வரும். கேட்பவர் இரண்டையும் தாண்டிப் போகத்தான் போகிறார். பிரிக்க வேண்டாம். எண்ணிக்கை வேண்டுமென்றால் புள்ளிவிவரத்தில் வையுங்கள், பிழைப்பெயரில் வேண்டாம்.

டைம்அவுட் மூன்று இடத்தில் வருகிறது: சிப் தயாராகக் காத்திருக்கும்போது, டிஎம்ஏ முடியக் காத்திருக்கும்போது, கன்ட்ரோலரின் கட்டளை வரிசை காலியாகக் காத்திருக்கும்போது. மூன்றுக்கும் காத்திருப்பு அளவு வேறு. மீட்கும் வழியோ இரண்டுதான்: முதலாவதுக்குச் சிப்பை ரீசெட் செய்ய வேண்டும், மற்ற இரண்டுக்கும் கன்ட்ரோலரை. மீட்கும் வழி இரண்டு என்பதால் எஃப்டி_டைம்அவுட்_சிப், எஃப்டி_டைம்அவுட்_கன்ட்ரோலர் என்று இரண்டு பெயர் போதும். டிஎம்ஏவா வரிசையா என்பதை லாக் சொல்லட்டும். யாருக்காகக் காத்திருந்தோம் என்பதுதான் பெயரில் வருகிறது. எத்தனை மில்லிவினாடி என்பதைப் பெயரில் சேர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த எண் அடுத்த வெளியீட்டில் மாறும், பெயர் மாறாது.

அன்நோன் என்ற பெயரை எடுத்துவிடுங்கள். நாம் எதிர்பார்க்காத நிலை எண்ணைக் கன்ட்ரோலர் தந்தது என்பதுதான் நடந்தது. எஃப்டி_அன்எக்ஸ்பெக்டட்_ஸ்டேட்டஸ் என்று வையுங்கள், அந்த எண்ணை அப்படியே லாகில் அச்சிடுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று மிச்சம். சில பிட்டுகள் புரண்டிருந்தன, பிழைதிருத்தும் குறியான ஈசிசி திருத்திவிட்டது, தரவு முழுச் சரி. ஆனால் புரண்டவை எல்லையைத் தொட்டுவிட்டன. இது வெற்றியா, பிழையா? ஃபிளாஷ் சிப்புகளைக் கையாளும் லினக்ஸின் எம்டிடி அடுக்கு இதற்கு ஈயூக்ளீன் தருகிறது. திருத்தவே முடியாதபோது ஈபேட்மெசேஜ். ஈயூக்ளீனின் எண் 117. எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் அதே 117க்கு ஈஎஃப்எஸ்கரப்டட் என்று மறுபெயர் இருக்கிறது: ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிட்டது. ஓர் அடுக்கில் 'தரவு நலம், இடத்தை மாற்று', இன்னோர் அடுக்கில் 'தரவு போய்விட்டது'. இரண்டுக்கும் திரையில் வரும் வாசகம் ஒன்றே.

எண்ணை மாற்ற முடியாத இந்த நிலையில் எம்டிடிக்காரர்கள் செய்தது எனக்குப் பிடிக்கும். எம்டிடி_இஸ்_பிட்ஃபிளிப், எம்டிடி_இஸ்_ஈசிசிஎரர் என்று இரண்டு சிறு ஃபங்ஷன்கள் எழுதினார்கள். அழைப்பவர் 117உடனோ ஈயூக்ளீனுடனோ ஒப்பிடுவதில்லை. 'இது பிட் புரண்டதா?' என்று கேட்கிறார். எம்டிடிக்கு மேலே இருக்கும் யூபிஐ அடுக்கு அப்படிக் கேட்டுத்தான் அந்த பிளாக்கின் தரவை வேறிடத்துக்கு நகர்த்துகிறது. கடன் எண்ணோடு வாழ வேண்டியிருந்தால் இப்படி ஒரு கேள்வி வடிவப் பெயரால் அதை மூடுங்கள். நம் டிரைவரில் கடன் இல்லை. ஆகவே நேரடியாக எஃப்டி_ரீட்_கரெக்டட்_நீட்ஸ்_மூவ், எஃப்டி_ரீட்_அன்கரெக்டபிள். முதலாவது நீளம்தான். படித்தவுடன் தரவைத் தூக்கி எறிய யாருக்கும் தோன்றாது.

பெயரை மாற்றும்போது

பிஎல்கே_எஸ்டிஎஸ்_நெக்ஸஸ் என்பது டிஸ்க் ஒதுக்கீட்டு மோதலுக்கு ஆறு ஆண்டு இருந்த பெயர். நெக்ஸஸ் என்பது ஸ்கஸி ஆவணச் சொல். கணினிக்கும் டிஸ்குக்கும் இடையிலான உறவு. என்விஎம்இயும் ஐபிஎம் பெருங்கணினிகளின் டாஸ்டி டிரைவரும் அதே மோதலைத் தெரிவிக்க அதையே பயன்படுத்தின. அங்கே நெக்ஸஸ் என்ற பேச்சே இல்லை. 2023இல் பிஎல்கே_எஸ்டிஎஸ்_ரிசர்வ்_கான்ஃப்ளிக்ட் என்று பொருள்படும்படி மாற்றினார்கள். எண் மாறவில்லை. வெளியே போகும் ஈபேட்ஈயும் மாறவில்லை.

உங்கள் மாற்றத்தையும் அப்படியே வையுங்கள். ஒரு பேட்சில் பெயர் மட்டும் மாறட்டும். டைம்அவுட்டை இரண்டாகப் பிரிப்பது நடத்தையை மாற்றும். அது அடுத்த பேட்ச். பெயர் மட்டும் மாறிய பேட்சுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. மாற்றும் முன்னும் பின்னும் டீபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால், மாறிலியின் பெயரையே சரமாக்கி லாகில் அச்சிடும் மேக்ரோ எங்காவது இருக்கும். அந்த லாக் வரியைத் தேடி எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று யாராவது ஒருவரின் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கலாம். மாற்றத்தை இணைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

லாகில் பெயரையும் எண்ணையும் சேர்த்தே அச்சிடுங்கள். கெர்னலில் 5.5 வெளியீட்டிலிருந்து பிழைச் சுட்டியை எர்னோ பெயராகவே அச்சிடும் வடிவக்குறி இருக்கிறது. எண்ணைப் பெயராக்க நீங்கள் தனி அட்டவணை எழுத வேண்டியதில்லை. உங்கள் சொந்த மாறிலிகளுக்கு மட்டும் அட்டவணை வையுங்கள். ஹார்டுவேர் தந்த மூல எண்ணை ஹெக்ஸில் அதே வரியில் சேருங்கள். பொதுப் பயனர் காணும் ஹெடருக்குள் ஒருமுறை போய்விட்ட பெயரை மட்டும் நீக்காதீர்கள். புதுப்பெயர் வைத்து, பழையதை அதற்கு மறுபெயராகக் கீழே ஒரு வரியில் விட்டுவையுங்கள். உங்கள் மரத்துக்கு வெளியே யாரோ அதை வைத்துக் கம்பைல் செய்துகொண்டிருப்பார்.